அந்த 1918 ரூபாய் விஷயமா

அன்புள்ள செல்வா,

லெட்டரும் உன் பையன் எடுத்த வீடியோவும் கெடச்சுது. இங்க பூ மழை நல்லா பேஞ்சுச்சு, ஏற்காடு முழுக்க காபி பூத்து வாசம் தூக்குது. அம்மாவுக்கு முட்டிவலி பரவால்ல. சின்னவ சேலத்துல செகண்ட் இயர் படிக்கறா, தெனமும் இருபது ஹேர்பின் எறங்கி ஏற முடியாதுன்னு அஸ்தம்பட்டில ஹாஸ்டல்ல விட்ருக்கோம்.

சரி, காசு விஷயத்துக்கு வரேன். உங்க தாத்தா பெட்டில இருந்த 1918 ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபா யூஎன்சி, அதாவது புழங்காத காசுதான்னு கடைக்காரர் சொன்னாருன்னு எழுதிருக்க. நான் பாத்த வரைக்கும் அது ஏயூ, அதாவது லேசா மட்டும் புழங்கின காசுதான்டா. ஆனா நல்ல ஏயூ, எழுபதுக்கு போடற தர மார்க்குல 55க்கு கீழ போகாது, 58ஏ குடுக்கலாம்.

மீசை முடி ஒண்ணொண்ணா தெரியுது, கிரீடம் தெளிவா இருக்கு, அப்பறம் என்ன தேய்மானம்னு கேட்ட. எல்லாரும் மொதல்ல அங்கதான் பாக்கறாங்க. டிசைன் தேயறதுக்கு ரொம்ப முன்னாடியே லஸ்டர், அதாவது புதுக்காசோட மினுமினுப்பு, போயிடும். அச்சு அடிக்கறப்ப அந்த அழுத்தத்துல வெள்ளி ஓரத்த பாத்து ஓடும், அந்த ஓட்டம் கண்ணுக்கு தெரியாத மெல்லிசு கோடா காசு மேல நிக்கும், வெளிச்சம் அதுல பட்டுத்தான் மின்னுது. லைட்டுக்கு கீழ சாய்ச்சு திருப்பினா பட்டுப்புடவை மடிப்புல ஓடற மாதிரி ஒரு வெளிச்சம் சுத்தி வரும் பாரு, அதத்தான் கார்ட்வீல்னு சொல்றாங்க. நாலு கை மாறினாலே மேடான எடத்துல அந்த கோடு போயிடும், முடி அப்படியேதான் இருக்கும்.

உன் வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்தேன். வெளிச்சம் சுத்தி வரப்போ கன்னத்து எலும்பு மேலயும் காதுக்கு மேல இருக்கற முடியிலயும் வந்ததும் அப்படியே அறுந்துபோகுது, அந்த எடம் மட்டும் சாம்பலா மங்கலா நிக்குது, தாண்டினதும் திரும்ப ஓடுது. அதான் தேய்மானம். பின்பக்கம் கீழ இருக்கற தாமரையிலயும் லேசா அதே மாதிரி இருக்கு. ஆனா வெறும் எடத்துல, எழுத்து இடுக்குல எல்லாம் லஸ்டர் முழுசா இருக்கு, அதனாலதான் 58னு சொல்றேன்.

நீயே பாக்கணும்னா ட்யூப்லைட்ட அணைச்சிட்டு ஒரே ஒரு டேபிள் லேம்ப் போடு, ஓரத்த மட்டும் புடி, அஞ்சு இல்ல ஏழு மடங்கு லென்ஸ் போதும், அதுக்கு மேல போனா சின்ன கீறலெல்லாம் பெருசா தெரிஞ்சு மனசு கெட்டுப்போகும். அச்சு அடி சரியா விழாத காசும் அதே எடத்துல தட்டையாத்தான் இருக்கும், ஆனா அங்க வெளிச்சம் அறாம ஓடும், கலரும் மாறாது. கருத்துப்போன காசும் அப்படித்தான், கருப்பு லேசா இருந்தா அதுக்கு அடியில வெளிச்சம் உருளறது தெரியும். கீறல் கோடெல்லாம் ஒரே பக்கமா போனா யாரோ துணி போட்டு தொடச்சிருக்காங்கன்னு அர்த்தம். பூஜைல வெச்சு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தேச்ச காசுல இத நெறைய பாக்கலாம்.

ஏயூன்னதும் மனசு விட்றாத. எழுபதுல அறுபதுலருந்து தான் புழங்காத காசு, ஆனா மூட்டைல ஒண்ணோட ஒண்ணு மோதி முகமெல்லாம் அடி வாங்கின 61ஐ விட உன்னோட 58 தான் எனக்கு புடிக்கும், கைல வெச்சு பாத்தா அழகு இதுலதான் இருக்கு. யூஎன்சி விலைக்கு மட்டும் யார்கிட்டயும் பேசாத, வாங்கறவன் லென்ஸ் வெச்சதும் கண்டுபிடிச்சிருவான்.

தயவுசெஞ்சு திருநீறு, பல்பொடி எதுவும் போட்டு தேய்க்காத. மிச்சமிருக்கற லஸ்டரும் போயிடும், ஏயூங்கற பேரும் போயிடும். பிவிசி கவர்லயும் வெக்காத, பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும், இங்க பனி காலத்துல அது இன்னும் சீக்கிரம் வரும். மைலர்னு சொல்ற பாலியஸ்டர் கவர்ல போட்டு பக்கத்துல சிலிக்கா ஜெல் வை.

1918 அபூர்வமெல்லாம் இல்ல. யுத்த நேரத்துல இங்க வெள்ளிக்கு தட்டுப்பாடு வந்து, அந்த வருஷம் அமெரிக்காக்காரன் பிட்மன் சட்டம் போட்டு 27 கோடி டாலர் காச உருக்கினான், அதுல பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வந்துச்சு, ரூபாய் அவ்ளோ அடிச்சாங்க. அதனாலயே யாரும் மதிக்கறதில்ல. 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளின்னு கணக்கு போட்டு செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைக்கு உருக்க குடுத்துடறாங்க. தேஞ்சு வழுவழுன்னு போனத குடுத்தா பரவால்ல, லஸ்டரோட இருக்கறதயும் சேத்து தராசுல போடறத பாத்தா வயிறு எரியுது.

பெட்டில 1911 ஏதாவது இருக்கான்னு பாரு. ராஜா அங்கியில இருக்கற யானை பன்னி மாதிரி இருக்குன்னு பிரச்சனை ஆகி, 1912ல யானைய மாத்தி அடிச்சாங்க. அது இருந்தா யார்கிட்டயும் காட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு.

மே மாசம் மலர்க்கண்காட்சி கூட்டம் சேர்றதுக்குள்ள வந்துட்டு போ, காச கையோட எடுத்துட்டு வா, தங்கச்சியயும் பையனயும் கூட்டிட்டு வா. அம்மா உன்ன ரொம்ப கேட்டுச்சு.

உன்
முருகேசன்
ஏற்காடு