'பின்' படங்களில் நெற்றி ஏன் சுருங்கியிருக்கிறது?

புருவம் உயர்த்தும் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவள் நான். பலனில் குறையில்லை. "நன்றாகத் தூங்கினாயா?" என்று கேட்கிறார்களே தவிர, முகத்தில் என்ன செய்தாய் என்று எவரும் கேட்டதில்லை. எனவே இது வழக்குத் தொடுப்பவளின் கடிதமல்ல.

என் மனத்தாங்கல் உங்கள் விளம்பரப் படங்கள் மீதுதான். 'முன்' படத்தில் மேலிருந்து விழும் வெளிச்சம், வாடிய முகம். 'பின்' படத்தில் கண்மை, சிரிப்பு. நெற்றியைப் பாருங்கள்: பலர் புருவத்தைத் தாங்களே தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், கோடுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நெற்றியைத் தளர்த்தி, ஓராண்டு கழித்து எடுத்த படத்தைப் போடுங்கள். வீக்கம் முழுதாக வடியாத மூன்றாம் வாரப் படம் எதற்குச் சாட்சி?

நான் முதலில் பார்த்த மருத்துவர், மேலிமைத் தோலைக் கொஞ்சம் வெட்டினால் போதும் என்றார். இரண்டாமவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைக் கட்டைவிரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, "இப்போது மெல்லத் திறவுங்கள்" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். புருவம் எலும்பு விளிம்புக்குக் கீழே சரிந்து கிடந்தது. அத்தனை காலமும் நெற்றித் தசைதான் அதைச் சுமந்திருக்கிறது. இமையை மட்டும் வெட்டியிருந்தால் அந்தத் தசை ஓய்ந்து, புருவம் இன்னும் இறங்கியிருக்கும். ஒரு நிமிடச் சோதனை இது. முதலாமவருக்கு அந்த ஒரு நிமிடம் இல்லை.

எனக்கு எண்டோஸ்கோப் முறை, அதாவது சிறு கீறல் வழியே கேமராக் குழாயை விட்டுச் செய்வது. முடிக்குள் ஐந்து சிறு கீறல்கள். ஒப்புதல் படிவத்தில் 'தற்காலிக மரமரப்பு' என்று இரண்டே சொற்கள். எட்டு மாதம், உச்சந்தலையில் சீப்பு பட்டால் வேறு யாருடைய தலையையோ வாருவதுபோல் இருந்தது. பிறகு நரம்பு உயிர்பெற்றதும் அரிப்பு. நள்ளிரவில் உட்கார்ந்து சொறிவேன், அரிக்கிற இடம் விரலுக்கு அகப்படாது. முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கீறிய இடத்தில் முடி கொட்டலாம், நரம்பு அடிபட்டால் ஒரு பக்கப் புருவம் அசையாமல் போகலாம். இவற்றைப் படிவத்துக்கு விட்டுவிடாமல் வாயால் சொல்லுங்கள்.

'இயல்பான தோற்றம்' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். புருவத்தின் உள்முனையை அதிகம் தூக்கினால் எந்நேரமும் திடுக்கிட்ட முகம்தான் மிஞ்சும். அந்த இரண்டாம் மருத்துவர் என் பழைய புகைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதில் என் புருவம் வில்லாக இல்லை, தாழ்ந்த கோடுதான். "இதற்கு மேல் தூக்க மாட்டேன்" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி