முதல் பஸ் எத்தனை மணிக்கு?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், நாலு வேளை சொட்டு மருந்து விடுவதிலேயே நாள் போனது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம், காலையில் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துவிடுகிறார்.

உங்கள் கோயம்புத்தூரில் முத்தண்ணன் குளக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை, ஊருக்கு வெளியே கீரணத்தத்தில் அரசு கட்டிய மாடி வீடுகளுக்கு அனுப்பியதைப் பற்றி எழுதிவிட்டு, "ஒழுகுகிற குடிசைக்கு மாடி வீடு மேல்தானே, இதிலும் ஏன் குறை சொல்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவை உனக்கு நினைவிருக்கும், நீ வந்தபோது உனக்கு மீன் குழம்பு வைத்துத் தந்தாரே, அவர்தான். 2015 வெள்ளம் வரைக்கும் இங்கே சென்னையில், சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தார், பத்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு. வெள்ளத்துக்குப் பிறகு, ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். இப்போது நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு, இருட்டிலேயே பஸ் ஏறுகிறார். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அது பெரிய உதவிதான், ஆனால் போக வர மூன்று மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? முன்பு நான்கு வீட்டில் வேலை பார்த்தவர், இப்போது இரண்டு வீட்டில்தான் பார்க்க முடிகிறது. வீடு கிடைத்தது, வருமானம் பாதியானது.

இது யாரோ ஒரு அதிகாரியின் கல்மனசு என்று நினைக்காதே. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டினார்கள். நொச்சிக்குப்பத்தைப் பார், கடலுக்குப் போகிறவர்களுக்குக் கடலுக்கு எதிரிலேயே வீடு. 1971-ல் சட்டமும் வந்தது, சென்னையில் சுமார் 1,200 குடிசைப் பகுதிகளைக் கணக்கில் எடுத்தார்கள். 1985-ல் இன்னும் 17 சேர்த்தார்கள். அப்புறம் பல வருஷம் அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை. ஊர் பெருத்துக்கொண்டே போனது, பட்டியலில் இல்லாதவர்கள் எல்லாம் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் இருந்த இடத்திலேயே எதையாவது செய்துதரச் சொல்லிக் கேட்கலாம், இல்லாவிட்டால் புறப்பட வேண்டியதுதான்.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1977-லிருந்து உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் என்று மனை பிரித்துத் தவணையில் கொடுத்தார்கள், அவரவர் வசதிப்படி வீடு கட்டிக்கொண்டார்கள். ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் மனை. இன்று முகப்பேரில் நடந்து போனால் எது யாருக்குக் கொடுத்த மனை என்று உன்னால் சொல்லவே முடியாது.

2000-த்தில் கண்ணகி நகர் வந்தது, பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். மூன்றும் சேர்ந்து நாற்பதாயிரம் வீட்டுக்கு மேல். ஏன் எல்லாம் அந்தப் பக்கமே? 2005-ல் மத்திய அரசு நகரங்களுக்காகக் கொண்டுவந்த திட்டத்தில் வீடு கட்டப் பணம் உண்டு, நிலம் வாங்கப் பணம் கிடையாது. அப்போது மாநிலம் என்ன செய்யும்? ஏற்கெனவே கையில் இருக்கும் பெரிய புறம்போக்கு நிலத்தைத்தான் தேடும். ஊருக்குள் அது ஏது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் இருந்தது. இத்தனை கோடிக்கு எத்தனை வீடு என்பதுதான் கணக்கு, அந்த வீட்டிலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம் என்பது அந்தக் கணக்கில் வராது. அரசு மிச்சம் பிடித்த நிலத்தின் விலையை அக்கா தினமும் பஸ்ஸில் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து கூட்டிப்போனவர்களை, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்ததை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

ஊருக்குள் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 மே மாதம் ஆர்.ஏ. புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். உடனே சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது, அவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே வீடு தருவதாக. அந்த யோசனை ஓர் உயிர் போவதற்கு முன்னால் ஏன் வரவில்லை?

அக்காவின் மகள் இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு அந்த இடம் பக்கம். அவள் அங்கேயே ஊன்றிவிடுவாள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஐம்பது வயது அக்காவின் முழங்கால் அதுவரை தாங்க வேண்டுமே.

நீ கீரணத்தம் பக்கம் போனால் எனக்காக ஒன்று செய். வீடு எப்படி என்று கேட்காதே, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று நாலு பேரிடம் கேட்டு எழுது. பொங்கலுக்கு வருவாய்தானே? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
கீதா