வளைசுவரில் கைக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானின் தடை தாண்டும் தொலைக்காட்சிப் போட்டியான 'சசுகே', அதன் அமெரிக்க வாரிசான 'நிஞ்ஜா வாரியர்' பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், வளைசுவரை ஏற "கையில் பலம் இருந்தால் போதும்" என்று ஒரு வரி; 'ஜிம்முக்குப் போகிற யாரும்' முடித்துவிடலாமாம். தாங்கள் அறியாததல்ல, அந்தச் சுவரில் கைக்கு வேலை வருவதே உச்சி விளிம்பைப் பிடிக்கும்போதுதான். அந்த விளிம்பின் உயரம் அமெரிக்காவில் முதலில் 14 அடி, பிறகு 14.5 அடி. அதை ஏறுவது கால். அடியில் சரிவாகத் தொடங்கும் சுவர் மேலே போகப்போகச் செங்குத்தாகிவிடும். வளைவின் மேல் மூன்று நான்கு எட்டு வைக்கத்தான் வேகம் மிஞ்சும். பயந்துபோய் நெஞ்சைச் சுவரோடு சாய்ப்பவருக்குப் பாதம் சுவரை அழுத்தாது, வழுக்கிவிடும். மல்லாந்து விழப்போகிறவர் மாதிரி உடம்பைப் பின்னால் வைத்து ஓடி, கடைசி எட்டை மேல்நோக்கி உந்த வேண்டும்.

கம்பி விட்டுக் கம்பி தாவுவதும் அப்படித்தான். ஊஞ்சல் முன்பக்க உச்சியில் நின்றபின் கையை விட்டால் நேரே தண்ணீர். அவசரப்பட்டு விட்டால் உயரம் கிடைக்காமல் அடுத்த கம்பிக்கு அடியிலேயே போய்விடுவார். உச்சிக்குச் சற்று முன்னால் விட வேண்டும். சால்மன் ஏணி என்ற தடையில், தொங்கும் கம்பியையே தூக்கி அடுத்த படியில் மாட்டுவது பாதி இடுப்பின் உதறல். ஒரு முனை மாட்டி மறுமுனை தவறினால் கம்பி கோணிக்கொள்ளும், கை பலம் வந்து நேராக்காது. விரலால் தொங்கியபடி நகரும் கிளிஃப்ஹேங்கரில் பிடிப்பதற்கு இருப்பது 3 சென்டிமீட்டர் விளிம்பு. புஜம் பெருத்தவருக்கு அங்கே தன் உடம்பே சுமை.

சசுகேயை முழுதாக முடித்தவர்களைப் பாருங்கள். 1999-இல் அகியாமா, நண்டு பிடிக்கும் மீனவர். 2006-இல் நகானோ, அவரும் மீனவர்தான். 2010, 2011 இரண்டிலும் உருஷிஹாரா, செருப்புக்கடை விற்பனையாளர். 2015, 2020-இல் மொரிமோட்டோ, கணினிப் பொறியாளர். போட்டிக்குச் சுமார் 100 பேர் வீதம் முதல் 38 போட்டிகளில் முடித்தவர்கள் இந்த நால்வரே. 'ஜிம்முக்குப் போகிற யாரும்' என்ற பட்டியலில் இவர்களை எங்கே சேர்ப்பது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இது புதிதல்ல. 2015-இல் நிஞ்ஜா வாரியரில் பத்து லட்சம் டாலர் வென்றவரே கடைசிக் கயிற்றில் ஏறிச் சிகரம் தொட்ட முதல் அமெரிக்கர் என்று முன்பொருமுறை அச்சிட்டீர்கள். முதலில் தொட்டவர் ஜெஃப் பிரிட்டன். அவருக்குப் பின் அதே கயிற்றைச் சுமார் மூன்றரை விநாடி குறைவாக ஏறியதால் பரிசு ஐசக் கால்டியேரோவுக்குப் போனது. அந்தத் திருத்தம் இன்றுவரை வரவில்லை. கிரிக்கெட்டில் டாஸ் போட்ட காசின் படத்துக்கு மட்டும் இடம் கிடைக்கிறது. இந்தப் போட்டிகளை 'டிவி கூத்து' என்று இன்னொரு இதழில் ஒதுக்கினீர்கள். ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானில் குதிரையேற்றத்தை எடுத்துவிட்டு இதே தடை ஓட்டத்தைத்தான் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வைக்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு பத்தி வந்ததா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையோடு போட்ட படத்தில் தலைக்கவசம் மாட்டிய ஒருவர் குளத்துக் கற்கள் மேல் தாவுகிறார். அது 1986-இல் தொடங்கிய 'தகேஷிஸ் காஸில்' என்ற வேறொரு ஜப்பானிய நிகழ்ச்சி. சில கற்கள் நிலையானவை, சில மிதப்பவை, மிதித்தால் அமுங்கும்; ஆள் விழுந்து நாம் சிரிக்கவேண்டும் என்றே செய்த விளையாட்டு. படத்தின் கீழே 'சசுகே' என்று இருப்பதை மட்டும் அடுத்த இதழில் ஒரு வரியில் திருத்தினால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
நாகர்கோவில்.