பிளஸ் டூ கணக்கில் திணறும் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்குகிறது. உங்கள் நாளிதழில் கணிதத்துக்கான மாதிரி வினாத்தாள்களும், எந்த இயலில் எத்தனை மதிப்பெண் கேட்பார்கள் என்ற குறிப்புகளும் வரத் தொடங்கிவிட்டன. ஓரளவு கணக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவை நிச்சயம் உதவும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே முகம் வாடிப்போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் வீடுகளும் ஏராளம். அவர்களுக்காகவும், பள்ளிக்கல்வித் துறையின் கவனத்துக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியை இல்லை. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். என் அண்ணன் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ, ஃபர்ஸ்ட் குரூப். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை. பிளஸ் ஒன் போனதும் சரியத் தொடங்கி, இந்தக் காலாண்டில் 90-க்கு 34 வாங்கி வந்தாள். பள்ளியில் அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் பாஸ் மெட்டீரியலை, அதாவது தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்புகளை, மட்டும் படிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். டியூஷனுக்கும் போனாள். அங்கே கூட்டம் அதிகம். போர்டில் போடுகிற கணக்கை எழுதிக்கொண்டு வருவதற்கே நேரம் சரியாக இருந்தது. "அத்தை, எனக்குக் கணக்கு வராது. நான் குரூப் மாத்தியிருக்கணும்" என்று என்னிடம் வந்து அழுதாள். பிளஸ் டூவின் பாதியில் எந்தக் குரூப்புக்கு மாறுவது?

அவளுடைய காலாண்டு விடைத்தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அண்ணன் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் மேலே இருந்த 34-ஐத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். உள்ளே பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. பிளஸ் டூ பாடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சூத்திரம் சரி, எந்த முறையில் போட வேண்டும் என்பதும் சரி. அதற்கு அடுத்த வரியில் தவறிவிடுகிறாள். ஓர் இடத்தில் எக்ஸ் ஸ்கொயரில் இருந்து (எக்ஸ் – 3) ஹோல் ஸ்கொயரைக் கழிக்க வேண்டும். 6எக்ஸ் – 9 வர வேண்டிய இடத்தில் –6எக்ஸ் + 9 என்று எழுதியிருந்தாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே எல்லாக் குறியும் மாறும் என்பது கை பழகவில்லை. பரவளையத்தின் முனையைக் கண்டுபிடிக்கிற கணக்கில் முதல் வரியோடு நின்றுவிட்டாள். காரணம், வர்க்கப் பூர்த்தி, அதாவது ஒரு கோவையை ஹோல் ஸ்கொயராக மாற்றி எழுதுவது. அது பத்தாம் வகுப்பிலேயே இருபடிச் சமன்பாட்டில் வருவது. விடைத்தாள் முழுக்க இதே கதைதான். பிளஸ் டூவில் போன மதிப்பெண்களில் பெரும் பங்கு பிளஸ் டூ பாடத்தில் போகவே இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று யோசித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. இந்த 2025-26 கல்வியாண்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் 2020 மார்ச்சில் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியது. அவர்களுடைய ஏழாம் வகுப்பு, அதாவது 2020-21, முழுக்க முழுக்க வீட்டிலேயே போனது. எட்டாம் வகுப்புக்கு அவர்கள் பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அடுத்த ஜனவரியில் மறுபடியும் கொஞ்ச நாள் மூடல். அந்த இரண்டு வருடத்தில் கணக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதிர்க்குறி எண்களைப் பெருக்குவதும் வகுப்பதும் ஏழாம் வகுப்பு. (ஏ + பி) ஹோல் ஸ்கொயர் போன்ற முற்றொருமைகள் ஏழிலும் எட்டிலும். காரணிப்படுத்துதல் எட்டாம் வகுப்பு. பிற்பாடு வருகிற அத்தனை இயற்கணிதமும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பாடங்களை இந்தப் பிள்ளைகள் அப்பாவின் செல்போனில் வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும், கல்வித் தொலைக்காட்சியில் ஓடிய வகுப்பையும் பார்த்துப் படித்தார்கள். என் அண்ணன் வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் அண்ணன் வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். பள்ளி திறந்த பிறகு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் எத்தனையோ தெருக்களில் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள், அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனாலும் ஒன்றரை வருடப் பாடத்தை மாலை நேரத்தில் ஈடுகட்டிவிட முடியாது.

பத்தாம் வகுப்பில் எப்படி நல்ல மதிப்பெண் வந்தது என்று கேட்கலாம். திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடலாம். பிளஸ் ஒன்னில் அது செல்லாது. ஒரே கணக்குக்குள் பின்னம், குறி, காரணி, முக்கோணவியல் என்று நாலும் சேர்ந்து வரும். ஒன்று ஆடினால் மொத்தமும் விழும்.

ஆகவே நானும் அவளும் ஏழாம் வகுப்புக்குப் போனோம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் மனசு நோகும். பக்கத்தில் தம்பி வேறு இருக்கிறான், அவன் எட்டாம் வகுப்பு. அதனால் புத்தகத்தைக் கொடுக்காமல், ஆபீஸில் வீணாய்ப் போன லெட்ஜர் தாளின் பின்பக்கத்தில் நானே கணக்குகளை எழுதிக் கொடுத்தேன். எந்த வகுப்புக் கணக்கு என்று அதில் இருக்காது. தம்பி முன்னால் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பெற்றோர்கள் இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு வராததைவிட, வரவில்லை என்பது அடுத்தவருக்குத் தெரிவதுதான் பெரிய வலி.

அப்புறம், விடை சரியா தவறா என்று நான் சொல்வதில்லை. அவளே சோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மேலே சொன்ன கணக்கில் எக்ஸுக்கு 1 போட்டுப் பார் என்றேன். 1-இல் இருந்து 4 போனால் –3. அவள் விடையில் போட்டால் +3 வந்தது. தானாகவே அழித்துவிட்டுத் திருத்தினாள். ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது சின்ன வேலை, ஆனால் டியூஷனிலும் கைடிலும் இதை யாரும் பழக்குவதில்லை. முக்கோணவியலிலும் இது கைகொடுத்தது. சைன் (ஏ + பி) என்றால் சைன் ஏ கூட்டல் சைன் பி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் 30 டிகிரி போடச் சொன்னேன். சைன் 30 அரை. அரையும் அரையும் ஒன்று. ஆனால் சைன் 60 என்பது 0.866. "அப்ப இரண்டும் 90 ஆனா 2 வந்துருமே அத்தை, சைன் 1-க்கு மேல போகாதே" என்று அவளே சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சூத்திரத்தை இனி அவள் மறக்கமாட்டாள்.

பிளஸ் ஒன்னில் எல்லைகள் (லிமிட்) பாடத்தையும் இப்படியே பார்த்தோம். எக்ஸ் ஸ்கொயர் – 9 ஐ, எக்ஸ் – 3 ஆல் வகுக்கிற கணக்கு. எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது விடை எதை நெருங்குகிறது என்று சொல்ல வேண்டும். எக்ஸுக்கு 3 போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம். அதைப் பூச்சியம் என்றே ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். போனில் கால்குலேட்டரை எடுத்து 2.9 போட்டாள், 5.9 வந்தது. 2.99 போட்டால் 5.99. மறுபக்கம் 3.01 போட்டால் 6.01. விடை 6 என்று சொல்ல நான் தேவைப்படவில்லை. நம் பாடப்புத்தகங்களிலேயே ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் செய்துபார்க்கும் பகுதிகள் இருக்கின்றன, கியூஆர் குறியீடும் இருக்கிறது. பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இருந்தும் பல பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. அரையாண்டில் 51. சென்டம் வாங்குவாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடைத்தாளைப் பார்க்கும்போது, இந்த முறை போன மதிப்பெண்கள் பிளஸ் டூ பாடத்தில் போயிருந்தன. வெக்டரில் ஒன்று, தொகை நுண்கணிதத்தில் ஒன்று. அவற்றை இன்னும் சில வாரத்தில் சரிசெய்யலாம்.

பாஸ் மெட்டீரியலைப் பற்றி ஒரு வார்த்தை. 90 மதிப்பெண் தாளில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். அதை மனப்பாடம் செய்து, கூடவே சில இயல்களை மட்டும் படித்தால் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்பது உண்மை. தேர்ச்சியே சந்தேகம் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அது தேவைதான். இன்ஜினியரிங் போக ஆசைப்படுகிற பிள்ளைக்கு அது போதாது. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-இல் 100 கணிதத்துக்கே. அதைத் தாண்டி உள்ளே போனாலும் முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் காத்திருக்கிறது. அங்கே அரியர் வைத்துவிட்டு வீட்டில் சொல்லப் பயந்து திரிகிற பையன்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அவர்களில் பலருக்குக் காரணி பிரிப்பதுதான் பிரச்சினை.

இப்போது துறைக்கு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அரசு அறிவித்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 2017-18-இல் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல், இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தன. சார்புகள், முக்கோணவியல், எல்லைகள், வகையிடல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பிளஸ் டூவில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளை நடத்தினால், பிள்ளை சூத்திரத்தைத்தான் மனப்பாடம் செய்யும். மறுபடியும் அப்படி நடக்காமல் இருக்க, பிளஸ் ஒன் வகுப்புகளில் எந்த இயல் எப்போது நடத்தப்படுகிறது என்பதை அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

பொதுத்தேர்வு இல்லாததால் கிடைக்கிற நேரத்தை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். 2026 ஜூனில் பிளஸ் ஒன் சேருகிற பிள்ளைகள் பள்ளி மூடியிருந்த வருடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலும் நவம்பர் வரை வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பின்னமே ஆட்டம் காணும் என்று பயப்படுகிறேன். சேர்ந்த உடனே முதல் இயலை ஆரம்பிக்காமல், முதல் மூன்று நான்கு வாரங்களைப் பின்னத்துக்கும் குறிகளுக்கும் முற்றொருமைகளுக்கும் காரணிப்படுத்துதலுக்கும் ஒதுக்குங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நடத்துங்கள். மெல்லக் கற்போர் என்று தனியாகப் பிரித்து உட்காரவைக்க வேண்டாம். சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்று ஒரு திட்டத்தை யோசித்துக் கொண்டுவந்த அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை.

தேர்வு முடிந்ததும் விடைத்தாளைப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய கையோடு திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாளைப் பிள்ளையிடம் ஒரு வாரமாவது விட்டுவைக்க வேண்டும். எங்கே தவறுகிறோம் என்று பார்க்க அதைவிட்டால் வேறு வழியில்லை. பெற்றோருக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிம்மா வந்த?" என்று கேட்டாலே போதும். பிள்ளை சொல்லிக்கொண்டே வரும்போது தானாக ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தைக் குறித்துவைத்து அடுத்த நாள் கணித ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். "எனக்குக் கணக்கு வரவில்லை" என்று வருகிற பிள்ளைக்கு, நாற்பது ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. "இந்த வரி புரியவில்லை" என்று வந்தால் இடைவேளையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.