தேயிலைச் செடிக்கு நாடி பிடித்துப் பார்த்தீர்களா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு மாணவர் பக்கத்தில் "காழ் தாவரத்தின் நாடி, உரியம் அதன் நாளம்" என்று பெட்டி கட்டித் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கிற என் பேத்தி அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

காழ் வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாய், உரியம் சீனியைக் கொண்டுபோகும் குழாய். நாடி இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது, நாளம் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. நாடி என்றால் பின்னால் நின்று தள்ள ஒரு இதயம் வேண்டாமா? உங்களுக்குத் தெரியாததில்லை. இலைவாய் என்கிற இலையின் நுண்துளை வழியே நீர் ஆவியாகப் போகப் போக, மேலிருந்து இழுபட்டுத்தான் காழில் தண்ணீர் ஏறுகிறது, அதுவும் செத்த கலங்களால் ஆன குழாயில். ஏறின தண்ணீர் குருதி மாதிரி சுற்றித் திரும்புவதுமில்லை. உரியம் உயிருள்ளது. இலை ஆக்கின சீனியை எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் கொண்டுபோகும், கீழேயும் மேலேயும்.

என் அப்பா கவ்வாத்து வெட்டிய ஆள், அதாவது தேயிலைச் செடி புதிதாகத் துளிர்க்க அதன் கிளைகளை வெட்டிவிடுகிறவர். வெட்டுக்கு முன் பென்சில் பருமனில் ஒரு வேரை நறுக்கி அயடீன் துளி விடுவார்களாம். கருநீலமானால் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். வெளிறிக் கிடந்தால் அந்தத் தேயிலை மலையை இன்னும் கொஞ்ச நாள் ஆறப்போட வேண்டும். இலையே இல்லாத மொட்டைச் செடி பிறகு துளிர்ப்பது அந்த வேர்ச் சேமிப்பு மேலே வருவதால்தானே? நாளம் ஒரே திசையில்தான் ஓடும், ஐயா.

போன வருடமும் இதே பக்கத்தில் "நாடியில் எல்லாம் சுத்த ரத்தம்" என்று வந்தது. நுரையீரல் நாடியில் போவது ஒட்சிசன் குறைந்த குருதி என்று அன்றே எழுதினேன், பிரசுரமாகவில்லை. இடமில்லை போல. ராசிபலனுக்கு மட்டும் முழுப் பக்கம்.

ஆய்வுகூடம் என்ற பெயரில் உடைந்த மேசை அடுக்கி வைத்த பாடசாலையில் 26 வருடம் படிப்பித்தவன் நான். ஜாம் போத்தலில் சிவப்பு மை கரைத்துக் காசித்தும்பையை நிறுத்திவிட்டால், தண்டுக்குள் சிவப்புக் கோடு ஏறுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அப்படிக் கஷ்டப்பட்டுப் புரிய வைத்ததை நீங்கள் ஒரு வரியில் கலைக்கிறீர்கள்.

அப்புறம் உங்கள் மருத்துவப் பக்கம். தோட்டத்துப் பெண்களுக்கு ரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை போடுங்கள் என்று எழுதினீர்கள், சரி. அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதே என்று எழுதினீர்களா? ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும், தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைக் குடல் உறிஞ்சுவதையே குறைத்துவிடும். என் அம்மா தினமும் காலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, சாயத் தேத்தண்ணியில்தான் மாத்திரையை விழுங்கிவிட்டு மலைக்கு ஏறுவார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையை இறக்கும்போது மூச்சு இரைக்கும், நகமெல்லாம் கடதாசி மாதிரி வெளுத்திருக்கும். கிளினிக்கிலும் யாரும் சொல்லவில்லை. கூடையோடு சிரிக்கிற பெண்ணின் படம் மட்டும் உங்கள் இதழில் தவறாமல் வருகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே பெட்டியில், அதே தடித்த எழுத்தில் திருத்தம் போடுங்கள், மூலையில் வேண்டாம். மாத்திரை பற்றியும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. பத்திரிகை எங்கள் ஊர்க் கடைக்குப் பத்து மணிக்குத்தான் வரும், நான் ஒன்பதுக்கே போய் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பொகவந்தலாவை