சோமனூர்க் கணக்குக்கு ஒரு மதர்போர்டு

திருப்பூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. அம்மணி கல்லூரியில் சேர்ந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலாம். மாரியம்மன் நோம்பிக்கு சோமனூர் வந்தே தீருவேன் என்கிறார். பனியன் கம்பெனிகளில் ஆர்டர் மந்தம்தான், ஆனால் எனக்கு ரிப்பேர் வேலைக்குக் குறைவில்லை.

கணக்குக் கம்ப்யூட்டரை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். மாற்றிவிடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உன் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆனால் அதிலிருக்கும் டிடிஆர்4 மெமரியை வீணாக்காதே. அதற்காகவே இன்டெல்லின் ஹெச்610 சிப்செட் உள்ள மதர்போர்டு வாங்கச் சொல்கிறேன். அதில் டிடிஆர்5 போர்டும் உண்டு, உன் பழைய மெமரி அதில் ஏறாது. பெட்டியில் டிடிஆர்4 என்று பார்த்து வாங்கு.

ஒரு கட்டிங் யூனிட்டுக்கு இப்படியொரு போர்டு பூட்டினேன். ஓவர்கிளாக் (சிப்பை வேகம் கூட்டி ஓட்டுவது) கிடையாது, வைஃபை கிடையாது, மெமரி ஸ்லாட் இரண்டே இரண்டு. தறிக் கணக்குக்கு இவை குறையே அல்ல. போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி டிஸ்க் பழைய ஜென் 3 வேகத்தில்தான் ஓடும் என்பதால், அதைவிட வேகமான ஜென் 4-க்குக் கூடுதல் காசு கொடுக்காதே.

போர்டு கம்பெனிக்காரன் எங்கே மிச்சம் பிடித்தான் என்பது போர்டைக் கையில் எடுத்தால்தான் தெரிகிறது. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற அளவில் முழுப் போர்டு 24.4 சென்டிமீட்டர் அகலம். இது அதைவிடக் குறுகல். அதனால் வலது ஓரத்து ஸ்க்ரூ துளைகளே இல்லை, அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கிறது. மெமரியும் 24 பின் பவர் கேபிளும் அங்கேதான் வருகின்றன, அழுத்தினால் போர்டு வளைகிறது. மெமரியை வெளியிலேயே செருகிவிட்டுக் கேபினெட்டில் இறக்கச் சொல். பவர் கேபிள் செருகும்போது ஓரத்துக்கு அடியில் விரல் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

உனக்கு முக்கியம் காம் போர்ட், அதாவது பழைய சீரியல் போர்ட். நூல் எடை போடும் தராசு அதில்தானே ஓடுகிறது? பின்பக்கம் பார்த்தால் அது பெரும்பாலும் இருக்காது. போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசிகளாக நிற்கும். சில ஹெச்610 போர்டுகளில் அதுவும் இருக்காது, கேட்டு வாங்கு. அதற்கான பட்டைக் கேபிள் தனி. அதில் இரண்டு வித வயரிங் உண்டு. மாறிப் போனால் எடை வராது, நீ தராசு ரிப்பேர் என்று ஆளைக் கூப்பிடுவாய். யுஎஸ்பி கன்வர்ட்டரும் வேலை செய்யும்தான், ஆனால் வேறு துளையில் மாற்றிச் செருகினால் போர்ட் எண் மாறித் தொல்லை தரும்.

கடைப் பையன் "எந்தச் சிப்பும் ஏறும் சார்" என்பான். ஏறும். இந்தப் போர்டுக்கான பன்னிரண்டாம் தலைமுறைச் சிப்புகளில் ஐ3-12100 உச்சத்தில் 89 வாட் இழுக்கும். ஐ7-12700 கேட்பது 180 வாட். சிப்புக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் இந்த விலைக்குப் பெரும்பாலும் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் வைப்பதில்லை. தறிக்குடோன் பஞ்சு வேறு கூலரை அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தப் புது ஐ3-யே போதும். ஆனால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் தொடாதே. அதில் கிராபிக்ஸ் கிடையாது, போர்டிலுள்ள ஹெச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டும் சும்மா கிடக்கும். உன் பழைய மானிட்டருக்கு விஜிஏ வேண்டுமே!

பழைய மெமரியோடு புதிதாக ஒரு 8 ஜிபி சேர்த்துக்கொள். இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும், பரவாயில்லை.

தராசின் மாடல் எண்ணைக் குறித்து அனுப்பு. காந்திபுரம் போகும் வேலை இருக்கிறது, பட்டைக் கேபிளை நானே பார்த்து வாங்கி வருகிறேன். போர்டை மட்டும் நான் வரும்வரை யாரையும் பூட்ட விடாதே.

அன்புடன்,
உன் மச்சான்