விசாகப்பட்டினம்னா பீச் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை சுற்றுலா பக்கத்துல விசாகப்பட்டினம் பத்தி போட்டிருந்தீங்க, ஆர்.கே. பீச், கைலாசகிரி ரோப் கார், சிம்மாசலம் கோயில் எல்லாம் சரிதான், ஆனா தொட்லகொண்டாவ ஒரே வரில முடிச்சிட்டீங்களே சார்! பீமிலி போற கடற்கரை ரோட்டுல ஒரு மலை மேல இருக்கு, சுமார் 2000 வருஷம் பழைய புத்த மடாலயம், பாறைல வெட்டின தண்ணித் தொட்டிங்க இருக்கறதாலதான் அந்தப் பேரே வந்துச்சு. பிட்சுக்கள் தங்கின ரூம்களோட அஸ்திவாரம் மட்டும் வரிசையா நிக்குது, ஒரு ரூமுக்குள்ள போய் நின்னு பார்த்தேன், ரெண்டு பேர் படுத்தாலே இடிக்கும் போல, ஆனா தலைய தூக்கினா எதிர்ல மொத்தக் கடலும் தெரியுது.

அப்புறம் குர்சுரா நீர்மூழ்கி. 1969ல கடற்படைல சேர்ந்து 2001ல ரிட்டயர் ஆகி, அடுத்த வருஷமே பீச் மணல்ல மியூசியமா ஆன கப்பல், இத போய் வெறும் "குழந்தைகளுக்கு ஏற்றது"ன்னு எழுதிட்டாங்க. உள்ள ஒருத்தர் பின்னாடி ஒருத்தராதான் நகர முடியும், சுவரு பூரா பைப்பும் வால்வும் மீட்டரும்தான். முட்டி வலியோட வந்த எங்க அப்பாதான் கடைசியா வெளிய வந்தாரு, டார்பிடோ பக்கத்துல அவ்ளோ நேரம் நின்னுட்டாரு!

ரோப் கார்ல சாயங்காலம் போங்கன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம், மதிய வெயில்ல மலை மேல நாங்க வெந்துட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்